மலைச்சாமி அழித்த படம்

சமயநல்லூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மலைச்சாமிக்கு வீம்பு ஜாஸ்தி. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் எழுதியதை அதன் அட்மின் அழித்துவிட்டார். அந்த ரோஷத்தில் தானே ஒரு குரூப் ஆரம்பித்தார். இங்கே யார் எழுதியதையும் அழிக்க மாட்டேன் என்பதுதான் அதன் ஒரே சட்டம். கவுன்சிலரைக் கிழித்தார்கள், ரேஷன் அரிசியைக் கிழித்தார்கள். மலைச்சாமி போட்ட ஒட்டு பைபாஸ் தாண்டாது என்றுகூட ஒருவர் எழுதினார். அதையும் விட்டுவைத்தார். எனக்கெல்லாம் அந்த மனசு வராது.

போன பங்குனியில் ஒரு மத்தியானம், புதுக் காலனி சிவபாண்டி அதில் ஒரு படம் போட்டான். மஞ்சள் சேலை கட்டிய பெண், தோளில் தூங்கும் பிள்ளை. "பிள்ளை பிடிக்கிறவ. வீடு வீடா நோட்டம் பாக்குறா. விடாதீங்க."

"எந்தத் தெரு? கட்டி வைங்கடா" என்று கீழே ஒருவர்.

மலைச்சாமி கிரீஸ் கையோடு படத்தைப் பெரிதாக்கினார். அவள் ஏந்திய முந்தானையில் அரிசி. பிள்ளையின் கையில் மஞ்சள் காப்பு. மடிப்பிச்சை! பிள்ளை பிழைத்தால் வீடு வீடாக அரிசி வாங்கி மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்ட தாய். அவர் மனைவி முருகம்மாளும் மகனுக்காக இப்படிப் போனவள்தான்.

படத்தை அழித்துவிட்டு வண்டியை முறுக்கினார். கடையில் இருந்த நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

காலனியில் ஏழெட்டுப் பேர் அவளை மறித்திருந்தார்கள். ஒருவன் பிள்ளையைப் பிடித்து இழுக்க, அரிசியெல்லாம் தரையில் சிந்திக் கிடந்தது.

"கைய எடுங்கடா! மடிப்பிச்சைக்கு வந்த பொண்ணுடா இது!"

கூட்டம் விலகியது. அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு சொன்னாள்: "திருவாதவூருண்ணே. அக்கா வீட்டுக்கு வந்தேன். சாமிக்கு வாங்குன அரிசி, இப்பிடி மண்ணாப் போச்சே."

மலைச்சாமி போன் போட, முருகம்மாள் சொளகு நிறைய அரிசியோடு வந்து அவள் மடியில் கொட்டினாள். பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் நின்ற சிவபாண்டி தலையைச் சொறிந்தான். "தப்புத்தாண்ணே. ஆனா அழிக்கவே மாட்டேன்னு அம்புட்டுப் பேசுனியே, இப்ப நீயும் அழிச்சிட்டேல்ல?"

மலைச்சாமி கடைக்குத் திரும்பி குரூப்பில் எழுதினார்: "படத்தை அழிச்சது நான்தான். திரும்ப அப்படி வந்தாலும் அழிப்பேன். சொன்ன சொல்லை மீறிட்டேன், அதுக்காக என்னை இங்கேயே திட்டுங்க. அதை அழிக்க மாட்டேன்."

திட்டினார்கள். முதல் ஆள் சிவபாண்டி. எல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது.