மதியத்தில் மட்டும் வரும் செவ்வாய்

சென்ற வாரம் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே செவ்வாய் கிரகம் கெட்டுப்போயிருந்தது.

மிகைப்படுத்தவில்லை. விளக்குகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தப் பத்தி சில வாரங்கள் வராமல் போனதற்கான காரணத்தை ஆசிரியர் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தார். என் மனைவியின் மறைவுக்கு ஆறுதல் சொல்லி எழுதிய வாசகர்களுக்கு நன்றி. அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. கம்ப்யூட்டருக்கு வருவோம்.

செஞ்சியில் ரேடியோவைவிடச் சிக்கலான எது பழுதானாலும் என் வீட்டுக்கு வந்துவிடும். கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன், ஓய்வுபெற்றவன், மீட்டரும் சால்டரிங் அயர்னும் வைத்திருப்பவன்... இவ்வளவு தகுதி போதாதா? ஆனால் அன்று காலை வந்தவர் கையில் பழுதான பொருள் எதுவும் இல்லை. ஒரு தாள் மட்டும் இருந்தது.

வந்தவர் தொண்டூர் ஏழுமலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். உடன் வந்தவள் அவர் மகள் சுமதி, பால்வாடியில் டீச்சர். தாள், கடைத்தெருவில் டைப்பிங் கடை நடத்தும் காதர் பாய் எடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஜாதகம்.

பனமலையில் ஒரு மாப்பிள்ளை பேசி, தட்டு மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் கோவிந்தசாமி, எதற்கும் இருக்கட்டும் என்று பெண்ணின் பிறந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஊர் ஜோசியர் கையால் எழுதிய ஜாதகத்தில் பெண்ணுக்குச் செவ்வாய் மூன்றாம் வீட்டில், தோஷம் இல்லை. கம்ப்யூட்டரோ இரண்டாம் வீடு என்றது. இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு — இவற்றில் செவ்வாய் இருந்தால் தோஷம். கட்டிக்கொள்கிறவரின் உயிருக்கு ஆகாது என்பார்கள். பேச்சு நின்றுவிட்டது.

ஜோசியர் எழுதியதைக் காட்டவில்லையா என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"காட்டாம இருப்பனா சார்? ஜோசியருக்கு மாமன் மச்சான் இருக்குது, மிஷினுக்கு இன்னா இருக்குதுன்றாரு."

மறுக்க முடியாத வாதம். இந்த வாதத்தை வைத்துத்தான் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் விற்கிறார்கள்.

சுமதி முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தினாள்: அந்த மாப்பிள்ளைக்காகத் தான் வரவில்லை.

"அவரு இல்லனா வேற ஒருத்தரு சார். ஆனா தோஷம்னு ஒரு தபா பேரு வந்துட்டா, அது ரேஷன் கார்டுல ஏறுன மாதிரி. அத எடுக்கறதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன். நைனாவுக்கு அழத்தான் தெரியுது. நீங்க அந்த மிஷினத் தொறந்து பாருங்க."

ஜாதகத்தில் நம்பிக்கையில்லாத ஒருவன் ஜாதகம் கணிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாமா? தாராளமாக. கோணலான அடிக்கோலால் பேயின் உயரத்தை அளந்தால், அதில் இரண்டு பிழைகள் உள்ளன. பேயை நான் ஒன்றும் செய்ய முடியாது. அடிக்கோல் என் துறை.

காதர் பாயின் கடைக்குப் போனோம். அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அது. விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. பக்கத்தில் ஒரு டி.வி., புரோகிராமை ஏற்ற ஒரு கேசட் டேப், ஒரு பிரிண்டர். எண்களை இயந்திரம் அச்சிட்டதும் காதர் பாய் பேனாவை எடுத்துப் பன்னிரண்டு கட்டங்களில் 'செ', 'சு' என்று தமிழில் நிரப்பித் தருவார். உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா பாய் என்று முன்பொரு முறை கேட்டிருக்கிறேன். "எனக்கு இல்ல சார். மிஷினுக்கு இருக்குது" என்றார்.

பரிசோதனை என்றால், விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஜாதகங்கள் இரண்டுதான். என்னுடையது: செவ்வாய் பதினொன்றில். மற்றது என் மனைவியுடையது: ஒன்பதில். எங்கள் கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் அவற்றை உரக்கப் படித்த வேகத்தில் எனக்கும் பாடமாகிவிட்டது.

பிறந்த விவரங்களைத் தட்டினேன். பதினொன்று என்றது. ஒன்பது என்றது. சுமதியுடையதைக் கொடுத்தேன். மூன்று என்றது.

ஏழுமலை மேலே பார்த்துக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. ஒரே கேள்விக்கு அன்றைக்கு இரண்டு, இன்றைக்கு மூன்று என்று சொல்கிற இயந்திரத்தைக் குணமான இயந்திரம் என்று எப்படி ஏற்பது?

அப்போது காதர் பாய், ஏதோ வானிலை சொல்வதுபோல் ஒன்று சொன்னார். "காலைல வர்றவங்க சிரிச்சிகினு போறாங்க சார். மத்தியானம் வர்றவங்கதான் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு போறாங்க." அது வருகிறவர்களின் நேரம் என்று அவர் நினைத்திருந்தார்.

எனக்கு அது போதும். உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு பக்கமும் செஞ்சிப் பாறைகள். மதியம் திரும்பியதும் கடைக்குள் வெயில் இறங்குவதற்கு வாசல்கூடத் தேவையில்லை. கம்ப்யூட்டர் காலையிலிருந்து அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே மூன்று கணக்குகளை மறுபடி கொடுத்தேன்.

பதினொன்று பத்தாகியிருந்தது. மூன்று இரண்டாகியிருந்தது. ஒன்பது எட்டாகியிருந்தது.

பெண்ணின் ஜாதகத்தில் எட்டாமிடம் மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் என்றால் கணவன் முந்திக்கொள்வான் என்று பொருள். அதாவது, இந்த இயந்திரத்தின் கணக்குப்படி எங்கள் வீட்டிலிருந்து போயிருக்க வேண்டியவன் நான். காதர் பாய் பழக்க தோஷத்தில் அந்தத் தாளையும் எடுத்துக் கட்டங்களை நிரப்பினார். நான் தடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஒற்றைப்படை எண்களெல்லாம் ஒன்று குறைகின்றன. அன்று காலை இரட்டைப்படை எண் வாங்கிப்போன ஒருவருடைய விவரத்தைக் கொடுத்துப் பார்த்தேன்; ஆறு ஆறாகவே நின்றது. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? நம் வீட்டுச் சுவரில் எட்டு ஸ்விட்ச் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஓர் எண்ணை அப்படித்தான் நினைவில் வைக்கிறது: எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது, எது போடவில்லை. அதில் கடைசி ஸ்விட்சின் வேலை ஒன்றைக் கூட்டுவது. அது போட்டிருந்தால் ஒற்றைப்படை, இல்லையென்றால் இரட்டைப்படை. இந்த இயந்திரத்தில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு ஐ.சி., அதாவது நினைவுச் சில்லு. ஆகவே மொத்தம் எட்டு ஐ.சி.க்களில் குற்றவாளி ஒன்றே. அது எது என்பதும் மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

மூடியைத் திறக்குமுன் உறையைக் கழற்ற வேண்டியிருந்தது. காதர் பாயின் மனைவி ஜரிகைக் கரை வைத்துத் தைத்த வெல்வெட் உறை. அதன் கீழே, பெட்டியின் முதுகில், காற்றுப் போவதற்காக விட்ட துளைகள் முழுவதும் சந்தனம், குங்குமம், விபூதி. ஒன்பது கிரகங்களும் குடியிருக்கும் பெட்டி அல்லவா? வருகிறவர்கள் மரியாதையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. அது மூச்சுவிடும் வழியை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

நீங்கள் வேண்டாமென்று சொல்லக் கூடாதா என்றேன். "எப்டி சார் சொல்றது? அவங்க சாமி, எங் கடை" என்றார் காதர் பாய். அதுவும் சரிதான்.

எட்டு ஐ.சி.க்களும் வரிசையாக சாக்கெட்டில் செருகியிருந்தன. சந்தேகப்பட்டதையும் அடுத்திருந்ததையும் இடம் மாற்றிச் செருகினேன். அடுத்த இடத்தின் வேலை இரண்டைக் கூட்டுவது. குற்றம் ஐ.சி.யுடையது என்றால் இப்போது பிழை ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டாக வேண்டும். மூடி, உறை போட்டு, சூடேறவிட்டுக் கணக்கைக் கொடுத்தேன். பதினொன்று ஒன்பதாகியது. ஒன்பது ஒன்பதாகவே நின்றது. அந்த எண்ணில் இரண்டின் ஸ்விட்சுக்கு வேலையில்லை. கணக்கு இம்மியும் பிசகவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் இதைத்தான் கற்பித்தேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது புதிதாகவே மகிழ்ச்சி தருகிறது. அன்றும் தந்தது. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஐ.சி.யில் ஆயிரக்கணக்கான அறைகள். சூடானதும் அதில் ஏதோ ஓர் அறை மட்டும் தான் வாங்கியதை மறந்துவிடுகிறது. புரோகிராம் எழுதியவர் அறியாமலே அந்த அறையில் குடிவைத்தது செவ்வாயை. புரோகிராமில் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டியிருந்தால் எல்லாம் ஓர் அறை தள்ளிப்போய்ப் புதன் மாட்டியிருப்பார். புதனுக்காக யாருடைய கல்யாணமும் நின்றிருக்காது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போய், ரிச்சி தெருவில் அதே எண்ணுள்ள ஐ.சி. வாங்கி வந்து, இடம் மாற்றியதைப் பழையபடி ஆக்கி, கெட்டதன் இடத்தில் செருகினேன். துளைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். மூன்று, மதியத்திலும் மூன்றாகவே இருந்தது. கதை முடிந்ததா?

எங்கே முடிந்தது! ஏழுமலை பனமலைக்கு ஆள் அனுப்பிக் கோவிந்தசாமியை வரவழைத்திருந்தார். அவர் நெடுநேரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"புதுசு போட்டுட்டு இப்போ நல்லதா சொல்லுதுன்றீங்க. உங்கள இட்டுகினு வந்தது பொண்ணு வூடு. நான் எப்டி நம்பறது?"

ஏழுமலைக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. இயந்திரத்தைத் தொட்டவனின் விடையை நம்பாதே என்பது நல்ல விதி. என் மாணவன் ஒருவன் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன்.

பழைய ஐ.சி.யையே திரும்பச் செருகினேன். உறையைப் போட்டு மூடினேன். அது சூடேறும் வரை எல்லோரும் டீ குடித்தோம். பிறகு கோவிந்தசாமியிடம் அவருடைய பிள்ளையின் பிறந்த விவரங்களைக் கேட்டேன். பெண்ணின் ஜாதகத்தை இயந்திரத்தில் எடுத்தவர், பிள்ளையின் ஜாதகத்தை அதில் போட்டுப் பார்க்கவே இல்லை. ஜோசியர் எழுதியதை அப்படியே வைத்திருந்தார். ஒருவரைத் தராசிலும் ஒருவரைக் கையாலும் நிறுத்தால் அது என்ன நிறை?

அவர் கையிலிருந்த ஜாதகத்தில் பிள்ளைக்குச் செவ்வாய் ஐந்தில். இயந்திரம் நான்கு என்றது. தோஷம்.

கோவிந்தசாமியின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. காதர் பாய் இதமாகச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் தோஷம்னா ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் பூடும்னு நீங்கதான சொல்லுவீங்க? புது ஐ.சி.ல ரெண்டு பேருக்கும் இல்ல. பழசுல ரெண்டு பேருக்கும் இருக்குது. எதுல பாத்தாலும் பொருத்தம்."

தர்க்கம் முழுமையானது. ஆனால் தன் பிள்ளைக்குத் தோஷம் என்று அச்சடித்த தாளைக் கையில் வைத்திருக்கிற தகப்பனுக்குத் தர்க்கம் எந்தக் காதில் ஏறும்? தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் மேசையைத் துழாவினார். அங்கே கிடந்த இன்னொரு தாள் கையில் வந்தது.

"இது யாருது? எட்டுல செவ்வா இருக்குது."

என் மனைவியுடையது என்றேன். பழைய ஐ.சி. கணித்தது என்றும் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்க நல்லாத்தான இருக்கறீங்க?"

"நன்றாகத்தான் இருக்கிறேன்."

"அப்போ பொய்தான் சொல்லுது இந்த மிஷினு" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. இரண்டு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழித்தார்.

காதர் பாய் குனிந்து கேசட்டைத் துடைக்கத் தொடங்கினார். என் மனைவி போன அன்று கடையை மூடிவிட்டு வந்து என் வாசலில் நின்றவர் அவர். கோவிந்தசாமிக்கு அது தெரியாது. உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சுமதி எழுந்தாள். தட்டு மாற்றுவது பிறகு இருக்கட்டும் என்றாள். "எனக்கு தோஷம் இல்லன்னு எங்க ஊர்லயும் உங்க ஊர்லயும் நீங்களே உங்க வாயால சொல்லணும். நைனா சொன்னா எடுபடாது." கோவிந்தசாமி சரி என்றார். சொல்லவும் செய்தார் என்று இந்த வாரம் ஏழுமலை வந்து தெரிவித்தார். கல்யாணம் ஆவணியில்.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. கோடை தொடங்கியதிலிருந்து எத்தனை மதியங்கள், எத்தனை சுமதிகள்? காதர் பாய் கடை வாசலில் போர்டு வைத்திருக்கிறார்: மதியத்துக்கு மேல் ஜாதகம் எடுத்தவர்கள் திரும்ப வரலாம், இலவசம். போர்டைப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படியொரு தாளைக் காட்டி ஒரு பெண்ணை வேண்டாமென்று சொன்னவர் யாராவது இதைப் படித்தால், அருள்கூர்ந்து செஞ்சிக்கு வந்து போகவும். கெட்டுப்போயிருந்தது ஐ.சி. மட்டும்தான்.

இன்னொரு சாராரும் உண்டு. உண்மையாகவே ஏழாம் வீட்டில் செவ்வாய் இருந்து, மதிய வெயிலில் அது ஆறாகி, தோஷமில்லை என்று தாள் வாங்கிக்கொண்டு போய்த் தாலி கட்டியவர்கள். அவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.