தாகக்கார அக்கா

"ஒரு வாய் தண்ணி குடும்மா, நாக்கு வறண்டு போச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் அக்கா எந்த வீட்டுக்குள்ளும் நுழைகிறார். முந்தின வீட்டில் குடித்த தண்ணீர் உதட்டில் இன்னும் காய்ந்திருக்காது. நகரசபை அவரைச் சுகாதாரப் பார்வையாளராக வைத்தது அறைகளைப் பார்க்கத்தான். அவரோ பானைகளைக் குடித்துப் பார்க்கிறார். பேட்டை முழுக்க அவருக்குத் தாகக்கார அக்கா என்று பெயர். டிராமை விட்டு அவர் இறங்கியதுமே பிள்ளைகள் "தாகம் வருது, தாகம் வருது" என்று கத்திக்கொண்டு மாடிப்படிகளில் ஓடுகிறார்கள். வீட்டுக்கு வீடு பானை கழுவப்படுகிறது, அடுப்பில் தண்ணீர் ஏறுகிறது. அக்காவும் படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார். மூச்சும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை, தண்ணீர் கொதிக்க நேரம் கொடுப்பதற்கான நடிப்பு அத்தனையும்.

நகரசபையின் பெரிய டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. போன மாதம் ஏதோ ஒரு வீட்டுத் தண்ணீர் அக்காவைப் படுக்கையில் தள்ளியபோது நேரில் வந்து திட்டித் தீர்த்தார்.

"நான் குடிக்கப்போறேன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் காய்ச்சுறாங்க. அவங்க குடிக்கிறதுக்குன்னா யாரு காய்ச்சுறா?" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

இத்தனை வீட்டில் குடித்தால் நடுப்பகலுக்குள் நடை ஓட்டமாகிவிடாதா? அந்த அவசரத்தையும் அவர் வீணாக்குவதில்லை. குடியிருப்பின் பொதுக் கழிப்பறைக்கே போகிறார். தாழ்ப்பாள் இல்லை, கூரை ஒழுகுகிறது என்று கண்டால், வந்த சூட்டோடு கட்டடச் சொந்தக்காரரின் கதவைத் தட்டுகிறார். அந்த மனிதர் நகரசபைக்குக்கூட இவ்வளவு பயப்படுவதில்லை.

கடைசி மாடியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துப் பிழைக்கும் ஒருத்தி மட்டும் மசியவில்லை. அவளுடையது ஜன்னலே இல்லாத அறை. அடுப்பு மூட்டினால் புகையில் கைக்குழந்தை இருமுகிறது என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அக்கா சொந்தக்காரரை நச்சரித்து, சுவரை இடிக்கவைத்து, ஒரு ஜன்னல் வாங்கிக் கொடுத்துவிட்டார். போன வாரம் அதே கட்டடத்தின் கீழ்மாடியிலிருந்து ஒரு குழந்தையைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நேற்று அக்கா மேலே போனபோது, புது ஜன்னலைக் கோணி மறைத்துத் தொங்கியது. அந்தக் காய்ச்சல் காற்றில் ஏறி வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது.

"காய்ச்சின தண்ணிதானேம்மா?"

"காலையிலேயே காய்ச்சிட்டேங்க்கா" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொய் என்று அக்காவுக்குத் தெரியும். வயிறு இன்னும் சரியாகத் தேறவில்லை, பயமாகவும் இருந்தது. ஆனால் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அந்தக் கதவு இனித் திறக்காது, குழந்தை இதே பானையில்தான் குடித்தாக வேண்டும். வருவது வரட்டும் என்று பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு உதட்டருகே கொண்டுபோனார்.

அவள் பாய்ந்து வந்து டம்ளரைப் பிடுங்கினாள். பாதித் தண்ணீர் அக்காவின் மேல் கொட்டியது.

"வேணாங்க்கா. பச்சத் தண்ணி. குழந்தைக்கு மட்டுந்தான் குடுத்தேன், உங்களுக்கு வேணாம்."

சொல்லி முடித்ததும் அவள் பார்வை தொட்டில் பக்கம் போயிற்று. பிறகு கோணியைப் பிடித்து இழுத்து எறிந்துவிட்டு, அடுப்பின் முன்னால் குனிந்து ஊத ஆரம்பித்தாள்.

அக்கா பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, தண்ணீர் கொதிக்கட்டும் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.