பக்கிரிசாமியின் ஐந்து தோட்டாக்கள்

முடிதிருத்தகத்தில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதி முடிந்திருந்தது. பூசிக்கொண்டிருந்தவர் கைபேசியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம அஞ்சு தோட்டா செத்துப் பூட்டாருங்க. ஸ்டேஷன்ல டூட்டி பாத்துகினு இருந்தவரு, நாற்காலியிலியே சாஞ்சிட்டாராம்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் பக்கிரிசாமி என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பட்டப்பெயரை இந்தச் சுரங்க நகரியத்துக்கு வழங்கிய புண்ணியவான் நான்தான். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான மீசையோடு எழுந்து போனேன். என் முகத்துக்கு அன்று அது பொருத்தமாகத்தான் இருந்தது.

நடந்தது உங்களில் பலருக்கு என் நாடகம் வழியாகத்தான் தெரியும். அது பொய். வடக்குத்து ஊர்ப் பக்கம் முந்திரித் தோப்பில், சுரங்கத்துச் செம்புக் கம்பி திருடிய ஒருவனைப் பிடிக்கப் பக்கிரிசாமி போனார். அவன் கள்ளத் துப்பாக்கியால் சுட்டான். இவரும் சுட்டார். இவர் தோளில் ஒன்று பாய்ந்தது, அவன் உடம்பில் ஐந்து. ஐந்தாவதில்தான் அவன் கையிலிருந்து துப்பாக்கி விழுந்தது. அந்த நொடியே இவரும் நிறுத்திவிட்டார். இருவருமே பிழைத்தார்கள்.

விசாரணை வந்தது. வரத்தான் வேண்டும், போலீஸ் சுட்டால் கேள்வி கேட்காத ஊர் உருப்படாது. ஆனால் கேட்ட கேள்வி இது: "ஒருத்தனுக்கு எதுக்கு அஞ்சு? ஒண்ணு போதாதா?" கேட்ட அதிகாரி துப்பாக்கிச் சண்டையைத் திரையரங்குக்கு வெளியே பார்த்தவரல்ல. 'பதற்றத்தில் சுட்டார்' என்று எழுதிவிட்டுப் போனார். பதவி உயர்வு அதோடு நின்றது.

அந்த ஆண்டு எங்கள் குடியிருப்பு பிளாக்கின் பொங்கல் விழாவில் நான் நாடகம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை சுடும் தொடைநடுங்கிப் போலீஸ். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. நான் மூன்று நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

நான்காம் நாள் பக்கிரிசாமி என் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எழுத்தாளரே, அந்த வாசக்கதவுகிட்டேருந்து எம்மேல ஓடியாங்க."

ஓடினேன். அவர் கைதட்டினார். ஐந்தாவது தட்டல் முடிவதற்குள் அவர்மேல் மோதி நின்றேன்.

"இந்தத் தொப்பைய வச்சிகினே இவ்ளோ வேகம். அவன் வயசுப் பையன். மொதல் குண்டு நெஞ்சுல. பட்டதே தெரியாம சுட்டுகினே வரான். கைத்துப்பாக்கிக் குண்டு ஆளத் தூக்கி வீசாதுங்க. சினிமாலதான் வீசும்."

"உங்க மேல பட்டதும் நீங்க விழலையா?"

"விழணும்னு சட்டமா? பட்டுச்சி, செத்தோம்னு நெனக்கிறவன்தான் மொதல்ல சாவான். வூட்ல மீன் கொழம்பு வச்சிருந்தா. அதத் தின்னாம சாவறதில்லன்னு நின்னேன்."

ஒரே ஆம்புலன்சில்தான் இருவரையும் ஏற்றினார்களாம். வழியெல்லாம் அவனைத் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறார்: "டேய், செத்துடாதடா. அதுக்கும் சேத்து நான்தான் விளக்கம் எழுதணும்." இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். கிளம்பும்போது, "நாடகம் எழுதின கையால ஒரு மனு எழுதிக் குடுங்க. பதவி வேணாம். பதற்றம்னு போட்ட அந்த வார்த்தைய மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் ஒரு ஜோக்கைச் சொல்லி நழுவினேன். எனக்கா ஜோக்குக்குப் பஞ்சம்? அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதினார். நான் அதை ஊர் வாயில் எழுதினேன். யார்மேல் அதிகக் கோபப்படுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பணியில் இறந்தவர் என்பதால் இறுதிச் சடங்கில் காவல்துறை மரியாதை. மலர்வளையம் வைத்து, "அஞ்சா நெஞ்சர்" என்று பேசினார் ஒரு பெரிய அதிகாரி. சாட்சாத் அவரேதான், அந்த வரியை எழுதியவர். வரிசையில் நின்ற காவலர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். மறுபடி சுட்டார்கள். மறுபடியும். பக்கிரிசாமியின் மனைவி தனலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு அந்த அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்:

"வானம் ஒங்கள என்னாங்க பண்ணுச்சி? அதுக்கு ஒண்ணு போதாதா?"

அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அவரை அறிந்தவர்களே, அந்தப் பட்டப்பெயரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'விழணும்னு சட்டமா?' என்ற அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். மனுவை எழுதி முடித்துவிட்டேன். தனலட்சுமி கையெழுத்திட்டு அனுப்பியாயிற்று. திரும்பி வந்தால் மறுபடி அனுப்புவோம், அந்த வார்த்தை விழும்வரை. ஒன்று போதாதா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.