ஓரகத்திக்கு மூன்று, குஞ்சம்மாளுக்கு இரண்டு

பட்டினச்சேரி தையல்நாயகிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் நீலமேகம் கட்டியது கிளிஞ்சல்மேட்டுக் குஞ்சம்மாளை. இளையவன் சசிதரனுக்கு வந்தவள் பூங்கொடி; தையல்நாயகியின் கூடப்பிறந்த அண்ணன் மகள். அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? சுனாமி வீடு கொடுத்தபோது பிள்ளைகள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு கிடைத்தது. கிழவி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பூங்கொடி வீட்டுக்குத்தான் போனாள்.

பூங்கொடிக்குத் தலை வலித்தால் அடுத்த வீடு வரைக்கும் தைல வாசனை வரும். குஞ்சம்மாளுக்குக் காய்ச்சல் அடித்தாலும் மீன் கூடையோடு வரிச்சிக்குடி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். "அவ திடமான கட்டை" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டே குஞ்சம்மாள் இரண்டு வருஷமாக ஒரு சங்கதியை வாய்விட்டுச் சொல்லவில்லை. கொல்லைக்குப் போனால் ரத்தம். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு வந்துவிடுவாள். நீலமேகத்துக்குக்கூடத் தெரியாது. யாராவது ஒருவர், "ஏன்டி வெளுத்துப் போயிட்ட?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்பாரில்லை.

இரண்டாயிரத்து எட்டில், ஆடி முடிகிற சமயம், பூங்கொடிக்கு மூலம் என்று காரைக்காலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனும் ஆயிற்று.

"மூணாம் கிரேடாம்டி! கையால தள்ளுனாத்தான் உள்ள போவுமாம். எம்புட்டு வேதனைய அடக்கிக்கிட்டு இருந்திருக்கா பாரு" என்று தையல்நாயகி தெருவெல்லாம் சொல்லி அழுதாள்.

தனக்காக இப்படி ஒருநாளும் அழாதவள் என்று குஞ்சம்மாளுக்குப் பொறாமையாக இருந்தது. கருணைக்கிழங்கு மசியலும் மோர்க்கஞ்சியும் கிழவி சமைப்பாள். தூக்குவாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது குஞ்சம்மாள் வேலை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பூங்கொடி, "அக்கா, கஞ்சி ஆறிப்போச்சு" என்பாள்.

நான்காம் நாள் தூக்குவாளியை வைத்ததும் குஞ்சம்மாள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கீழே இறங்கிச் சீட்டுப் போட்டு டாக்டரம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். பூங்கொடி தன் சீக்கைப் பற்றி என்னென்ன சொல்லியிருந்தாளோ அதையெல்லாம் தனக்கு இருப்பதாக வரி பிசகாமல் ஒப்பித்தாள்.

"ரத்தம் போகுதா?" என்று கேட்டார் டாக்டரம்மாள்.

பூங்கொடி சொன்னதில் ரத்தம் கிடையாது. "அதெல்லாம் இல்லீங்க" என்றாள் குஞ்சம்மாள்.

டாக்டரம்மாள் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "முக்கினா வெளியில வருது, தானா உள்ள போயிடுது. ரெண்டாம் கிரேடு. ஆபரேஷன் வேணாம். மருந்து எழுதுறேன்."

"தானா போவாதுங்க. நான்தான் தள்ளிவிடுறேன்."

"நான் பாத்தேனேம்மா."

"ஒரு மூணாப் போட்டுக் குடுத்தா என்னங்க?"

"ஏத்திப் போட இது என்ன மீன் ஏலமா? போங்க, அந்தப் பொண்ணுகிட்டச் சீட்டைக் குடுங்க."

அந்தப் பொண்ணு அர்ஷியா. நிரவிப் பக்கத்துப் பிள்ளை. டாக்டர் எழுதிய நோய்க்கெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவள் உத்தியோகம். சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூலத்துக்கு இங்கிலீஷ் 'ஐ' போட்டு எண்பத்துநாலுக்கா. அதுக்குப் பின்னாடி ஒரு புள்ளி வச்சு இன்னொரு எண் போடணும். ரத்தம் கித்தம் போச்சுன்னா ஒண்ணு, ஒரு தொந்தரவும் இல்லன்னா ரெண்டு. டாக்டர் இதுல எழுதலியே. உங்களுக்கு எப்படி?"

"மேல படுத்திருக்காளே பூங்கொடி, அவளுக்கு எது போட்ட?"

"அடுத்தவங்க சீட்டைச் சொல்லக்கூடாதுக்கா."

"சரி. இந்த ரெண்டுல எது பெரிய சீக்கு?"

அர்ஷியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரத்தம் போறதுதான்க்கா."

"அப்ப அதையே எழுது. ரெண்டு வருசமாப் போவுது."

அர்ஷியா பேனாவை மூடி வைத்தாள். சிரிப்பும் போய்விட்டது. குஞ்சம்மாளின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது. "எந்திரிங்கக்கா" என்று அவளை இழுக்காத குறையாக டாக்டரம்மாளிடமே திரும்பக் கூட்டிப்போனாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஐந்தரைதான் இருந்தது.

"இல்லன்னு ஏம்மா சொன்னீங்க?" டாக்டரம்மாளுக்குக் கோபம். "கிரேடுங்கறது எவ்வளவு வெளியில வருதுங்கறதுக்குத்தான். எவ்வளவு ரத்தம் போச்சுங்கறதுக்கு இல்ல. இந்த உடம்போட கூடை தூக்கிட்டு வேற திரியுறீங்களா? முதல்ல ரத்தம் ஏத்தணும். அப்புறம் மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டுச் சரி பண்ணிடலாம்."

அர்ஷியா சீட்டில் புள்ளிக்குப் பின்னால் ஒன்று போட்டாள். கீழே இன்னொரு வரியில் வேறொரு எண்ணையும் எழுதினாள்.

"இது எதுக்கு?"

"ரத்தசோகைக்கு."

"பூங்கொடிக்கு இந்த ரெண்டாவது உண்டா?"

"அக்கா!" என்றாள் அர்ஷியா.

பொம்பளை வார்டில் காலியாக இருந்தது பூங்கொடிக்குப் பக்கத்துக் கட்டில்தான். சேதி கேட்டு நீலமேகம் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். ரத்தம் கொடுக்கச் சட்டைக்கையைச் சுருட்டினான். அவன் பின்னாலேயே மூச்சு வாங்க வந்த தையல்நாயகி மூத்த மருமகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"பாவி, ரெண்டு வருசமா ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"நீங்க கேக்கலியே அத்தை."

மறுநாள் மத்தியானம் கிழவி ஆட்டு ஈரலை மிளகு தட்டிப் போட்டு வறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வார்டு முழுக்க மணந்தது.

"எனக்கு அத்தை?" என்று பூங்கொடி தலையைத் தூக்கினாள்.

"உனக்குக் காரம் ஆவாதுடி. கஞ்சியக் குடி. இவளுக்குத்தான் ரத்தமே இல்லியாம்."

"எனக்கு மூணாம் கிரேடு அத்தை!"

"தெரியும்டி, படு."

பூங்கொடி வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல்நாயகி கிண்ணத்தை மடியில் வைத்து ஒவ்வொரு துண்டாக எடுத்து மூத்த மருமகளுக்கு ஊட்டினாள். குஞ்சம்மாளுக்கு ஈரல் என்றாலே குமட்டும். ஆனாலும் ஒரு துண்டைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கட்டும் என்று நிதானமாக மென்றாள். கிண்ணம் காலியானதும், "நாளைக்கும் கொண்டாருங்க அத்தை" என்றாள்.