கடல் தண்ணீரில் ஊறிய நாற்பது பெட்டிகள்

நான்கு வருடங்களுக்கு முன், மாரி தொடங்கும் நேரம், குருநகர்க் கடற்கரையோரம் எங்கள் வீட்டில் நடந்தது இது. கிழிந்த மீன் வலைகளைத் தைத்துப் பொத்துவது என் தொழில். அந்த வருடம் தொழில் படுத்துவிட்டது. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகி, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. சின்ன மகளுக்கு அப்போது ஆறு வயது.

நான் என்ன செய்தேன்? "வரேக்கை எனக்கொரு கூலிங் கிளாஸ் கொண்டு வாரும்" என்று பகிடி விட்டேன். விட்டுவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம்.

"இஞ்சாருங்கோ, முகம் தேயப்போகுது" என்றாள் அவள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்கள், வெளிநாட்டு ஓடர் ஒன்றுக்கு ஆள் போதாமல் அவளைக் கூப்பிட்டார்கள். மூடி போட்ட சின்னப் பெட்டி நாற்பது. சரியாக வந்தால் அங்கேயே நிரந்தர வேலை. வராவிட்டால் குவைத்.

இழைப்பதற்கு முன் ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்து இளக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தாள். அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. எனக்கென்ன கவலை? பிறந்ததிலிருந்து எதை நனைப்பதென்றாலும் கடல்தான். ஓலைக்கட்டைக் கொண்டுபோய் முக்கி, மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

அவள் இராப்பகலாக இழைத்தாள். பெட்டிகள் என்றால் பெட்டிகள், அவ்வளவு வடிவு. ஆனால் காயவில்லை. வெயிலில் வைத்தாலும் பிசுபிசுவென்றே இருந்தன. மூடிகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்தது. பார்க்க வந்த பொறுப்பாளர் பெண் ஒரு மூடியை விரலால் தடவி, நாக்கில் வைத்தார்.

"இது உப்பெல்லோ! ஆர் இதைக் கடலிலை ஊறவைச்சது?"

"கடற்காத்துப் பட்டிருக்கும்" என்றேன் நான், வெட்கமில்லாமல்.

மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் கடலை விட்டா வேறை தண்ணியே தெரியாதோ?" என்றாள். பிறகு நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள்.

பெட்டிகளைக் கொடுக்க இன்னும் நான்கு நாள். புது ஓலை பதப்பட ஏழு நாள் செல்லும். ஒரே நிமிடத்தில், மனதுக்குள்ளேயே, நான் அவளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்பி, புட்டைக் கருக்கி, இரண்டு பிள்ளைகளையும் பட்டினி போட்டுவிட்டேன். பின்னால் நகர்ந்ததில் பக்கத்திலிருந்த வாளியையும் தட்டி விழுத்தினேன்.

"அண்ணை, பயந்தது போதும்" என்றார் பொறுப்பாளர். "வலை பொத்திற கையெல்லோ? ஓலை கிழியாமல் எல்லாத்தையும் அவிழுங்கோ."

அவிழ்த்தேன். நாற்பதையும். பெட்டி இழைக்கும் பெண்கள் எல்லாரும் வந்து ஓலையை நல்ல தண்ணீரில் அவித்து, அலசி, தங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளுக்குச் சிலதாகப் பிரித்து இழைத்தார்கள். "அண்ணை, கருவாட்டுப் பெட்டி எண்டு சொல்லி வித்திருக்கலாம்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு நாளாக அழுத முகத்தோடு இருந்த என் மனைவியும் சிரித்தாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் தங்கச்சி, இவ்வளவு கஷ்டப்படுறியள்? வேறை ஆளைப் பிடிச்சிருக்கலாமே?"

பொறுப்பாளர் கையிலிருந்த ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் குவைத்திலை அஞ்சு வருசம் இருந்திட்டு வரேக்கை, என்ரை மகன் என்னை அம்மா எண்டில்லாமல் 'அன்ரி' எண்டு கூப்பிட்டவன்" என்றார். "ம்… அடுத்ததை அவிழுங்கோ."

பகிடியை விட்டுவிட்டு அடுத்த பெட்டியை எடுத்து அவிழ்த்தேன்.

ஓடர் போனது. அவள் போகவில்லை. இப்போதும் எங்காவது ஓலை அவிக்கும் வாசம் வந்தால், அந்த நான்கு நாட்களின் சிரிப்பு காதில் கேட்கும். சின்னவளுக்குப் பத்து வயதாகிவிட்டது. காலையில் தாயும் மகளும் போடும் சண்டையில் எங்கள் தெருவே எழும்பும். அந்தச் சத்தம் இந்த வீட்டில் இல்லாமல் போக எவ்வளவு கிட்ட வந்தது என்று தெரிந்தபடியால், நான் படுத்தபடியே கடைசிச் சொல் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் எழும்புகிறேன்.