நாலாம் நம்பர் படகு

மழைக்கோட்டு வைத்த பையைத் திறந்தால் போதும், அந்த வாடை வந்துவிடுகிறது. காயாத துணி, யார் யாரோ விட்ட வியர்வை, கொஞ்சம் பாசி. கரியாலூர் படகுத்துறையில் எனக்கு மாட்டிவிட்ட ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் வாடை. பையை மூடிவிட்டு நனைந்துகொண்டே போன நாட்கள் உண்டு.

அக்காவின் காரில் அம்மாவை மலைக்குக் கூட்டிப்போயிருந்தோம். சுற்றிப் பார்க்க என்று அவளிடம் சொல்லியிருந்தோம். மணலூர்பேட்டை வீட்டில் தனியாக இருந்தவள் குளியலறையில் விழுந்து எழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி யார் வீட்டில் இருப்பாள் என்று முடிவு செய்ய வேண்டும். அவள் காதில் விழாமல் செய்ய வேண்டும். படகு என் யோசனை. அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் குந்திக்கினு பாக்கறேன்" என்று கரையிலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள், எங்கள் செருப்புகளைக் காலருகே வைத்துக்கொண்டு.

அரை மணி நேர டிக்கெட்டில் எடுத்த மிதிபடகை மிதித்தோம். ஏரி நடுவில் நிறுத்தினோம். மலை, மேகம், மரம் எல்லாம் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தன. காற்றே இல்லை. அம்மா கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தாள். கை ஆட்டினாள். நாங்களும் ஆட்டினோம்.

"நீ ஆம்பளப் புள்ளடா. வச்சிக்கினா இன்னா?" என்றாள் அக்கா.

"என் வூடு மாடியில இருக்குது. அதால ஏற முடியுமா? உனக்குத் தனி வூடு, தோட்டம்..."

"எனக்கு மாமியாக்காரி ஒருத்தி போதாதா? ரெண்டு கட்டிலு போட்டா அது வூடா, ஆஸ்பத்திரியா?"

சிரித்தோம். அதை மறைக்க மாட்டேன், சிரித்தோம். பிறகு நான் சொன்னேன்: "எத்தினி வருசம்னு தெரிஞ்சாலாவது ஒத்துக்கலாம்க்கா."

அப்போது கரையிலிருந்து படகுக்காரர், "நாலாம் நம்பரு, டைம் ஆயிடுச்சி" என்றார். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அது எங்கள் மடியில் வந்து விழுந்தது. அடுத்து, இன்னும் தாழ்ந்த குரலில், டீக்கடைக்காரரிடம்: "அந்த அம்மாவுக்கு ஒரு டீ குடுப்பா. சக்கர ஜாஸ்தியா."

அக்கா என்னைப் பார்த்தாள். அங்கே பேசுவது இங்கே கேட்டால், இங்கே பேசியது?

கரைக்கு மிதித்த அந்தத் தூரத்தை நான் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா எங்கள் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்திருந்தாள். டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. எழுந்து ரோட்டுக்குப் போய்க் கை காட்டி நிறுத்தினாள்.

"கார் இருக்குதும்மா" என்று அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கம்பியைப் பிடித்து, அடிபட்ட காலை மெல்லத் தூக்கி வைத்து, தானாகவே ஏறினாள். மேல்படியில் நின்று திரும்பினாள்.

"அரை மணி நேரம் பத்தல போலக்குது. இன்னொரு டிக்கெட்டு எடுத்துக்கினு போயி பேசி முடிங்க. நான் என் வூட்டுக்குப் போறேன்."