சகல வசதிகளும் உண்டு

எங்கள் மாமாவிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் "இருக்குங்க" என்று சொல்லிவிடுவார். இருக்கிறதா இல்லையா என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்மாவுக்குத் தம்பி, கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார். கொல்லிமலையிலிருந்து மிளகும் பலாவும் ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை சேலத்துக்கு இறங்கும் ஒரு மினி லாரிதான் அவர் பிழைப்பு. நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் சேலத்து மண்டியில் ஒருவர், ஆடி மாதத்துக்கு மட்டும் ஒரு குதிரையை விட்டுவைக்க மலையில் இடம் கிடைக்குமா என்று அவரிடம் விசாரித்திருக்கிறார். மாமா என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்துக்காரர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்புகிறவர். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. வேட்டுக்கும் மேளத்துக்கும் நடுவே மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து களைத்துப்போன குதிரையைத் தகரக் கொட்டகைப் புழுக்கத்தில் கட்டிப்போட அவருக்கு மனசில்லை. மலையில் சாரல் அடிக்கும், பச்சைப் புல் இருக்கும், ஒரு மாதம் காலாற நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறார். மாமாவோ அதுவரை ஒரு குதிரையையும் தொட்டவரில்லை. எனக்குத் தெரிந்த ஒரே குதிரை செம்மேட்டில் ஓரி மன்னன் ஏறி உட்கார்ந்திருக்கும் சிலைக் குதிரை. அதற்குத் தீனி, தண்ணீர், சாணி என்ற தொல்லைகள் கிடையாது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ரோட்டோரப் பாறைமேல் ஏறி நின்றால்தான் செல்போன் எடுக்கும். தினமும் சாயங்காலம் சேலத்துக்காரர் கூப்பிடுவார், மாமா பாறைமேல் நிற்பார், நான் கீழே நின்று கேட்பேன். தரை ஈரம் இல்லாமல் இருக்குமா? இருக்குங்க. நடத்திக் கூட்டிப்போக மேடுபள்ளம் இல்லாத இடம்? இருக்குங்க. அவசரத்துக்கு டாக்டர்? இருக்காங்க. மாமா பாறையைவிட்டு இறங்கி வந்ததும், அன்றைக்கு இருக்கிறது என்று சொன்னதை உண்டாக்கும் வேலை வீட்டில் ஆரம்பமாகும். ஆடுகளை வேறு இடத்துக்கு மாற்றி, பட்டித் தரையைக் கொத்தி, கல் பரப்பி, மணல் கொட்டினார் அப்பா. சாமை அடிக்கும் களம் நடைபாதையானது. அம்மா சாமை வைக்கோலை உதறி உதறிப் படுக்கை போட்டாள். டாக்டருக்கு மட்டும் மாமா எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. செம்மேட்டு மாட்டாஸ்பத்திரியில் தெற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் குதிரையைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் மாமாவுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் கேள்வி விநோதமாக வந்தது. குதிரைக்குச் சத்தத்திலேயே இருந்து பழக்கம், ஒரேயடியாக அமைதியாக இருந்தால் மிரளும், என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். ரேடியோ இருக்குங்க என்றார் மாமா. அப்பாவின் ரேடியோ பட்டிக்குப் போயிற்று. செய்தி கேட்காத கோபத்தில் அப்பா இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை.

கடைசிக் கேள்வி துணையைப் பற்றியது. குதிரை தனியாக நிற்காதாம், பக்கத்தில் ஓர் உயிர் வேண்டுமாம். மாமா பாறைமேலிருந்து கீழே பார்த்தார். "துணைக்கு ஆள் இருக்குங்க. நம்ம புள்ளைதான்" என்றார்.

இப்படியாக அந்த இடத்து வசதிகளில் நானும் ஒருத்தி ஆனேன். வீட்டில் அதுவரை என்னை நம்பி ஒரு கோழிக்குஞ்சைக்கூட யாரும் விட்டதில்லை. அன்றிரவு சோறு இறங்கவில்லை எனக்கு, பெருமையில்.

மாமா செம்மேட்டில் ஒரு பலகையும் எழுதி வாங்கி வந்தார். 'குதிரைகள் பராமரிக்கப்படும். சகல வசதிகளும் உண்டு.' சேலத்துக்காரரின் கூட்டாளிகள் இரண்டு பேர் அடுத்த ஆடிக்குத் தங்கள் குதிரைகளை அனுப்ப யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆறு குதிரைக்கு லாயம் கட்ட இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

ஆடி முதல் தேதி குதிரை வந்தது. வெள்ளைப் பெண் குதிரை, பெயர் முல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது சாய்ந்துவிடாமல் இருக்க, சேலத்துக்காரர் வண்டியின் பின்புறத்தில் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடியே நின்று வந்திருந்தார். குதிரை அலுங்காமல் இறங்கியது. அவர் இறங்கியதும் வேலியோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து ஆட்டுப்பட்டியைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொள்ளு மூட்டையை இறக்கி வைத்து, எத்தனை படி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கினார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"கண்ணு, கொள்ளு, புல்லு, தண்ணி. இது மூணுதான். வேற எதும் இவளுக்குத் தரக்கூடாது. செரியா?"

சரி என்று தலையாட்டினேன். மனசாரத்தான் ஆட்டினேன்.

பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்த பின்னும் நான் முல்லையோடுதான் இருந்தேன். முதலில் வேலிக்கு வெளியே, பிறகு வேலிமேல், ஒரு வாரத்தில் அதன் கழுத்துக்குக் கீழே. பிடரியைச் சீவி விடுவேன். வாய்ப்பாடு ஒப்பிப்பேன்; தப்பாகச் சொன்னாலும் காதை மட்டும் திருப்பும். அதன் மூச்சு என் தலையில் சூடாக விழும்போது, சாரலில் நனைந்த குளிர் போய்விடும்.

ஆடியிலும் எங்கள் தோட்டத்தில் கடைசிப் பலா கிடக்கும். ஒருநாள் கையில் சுளையோடு போய் நின்றபோது முல்லை மூக்கை நீட்டி என் விரல்வரை மோந்தது. ஒரே ஒரு சுளை கொடுத்தேன். கண்ணை மூடி மென்றது. மறுநாள் இரண்டு. எதுவும் ஆகவில்லை. பெரியவர்கள் போடும் சட்டங்கள் பாதியும் சும்மா போடுவது என்று ஏற்கெனவே எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அது உறுதிப்பட்டது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை விடியலில் மாமா லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினார். திரும்பும் வழியில், மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் வண்டி கிளட்ச் போய் நின்றுவிட்டது. சனிக்கிழமையும் அவர் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போய்விட்டார்கள். பள்ளி விடுமுறை. வீட்டு வாசலில் ஒரு பலா வெடித்து, காற்றெல்லாம் மணத்தது. பட்டியிலிருந்து முல்லை கனைத்தது, என்னைத்தான் கூப்பிட்டது. நான் பழத்தைப் பிளந்து, சுளை, அதைச் சுற்றிய நார்ச் சடை, கொட்டை எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு போனேன். தின்ன இஷ்டப்படுகிறவர்களுக்கு அளவு பார்த்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. கூடை காலியானது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முல்லை படுத்துக் கிடந்தது. எழுந்தது, காலால் தரையைப் பிறாண்டியது, தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, மறுபடி விழுந்து புரண்டது. அந்தக் குளிரிலும் அதன் உடம்பு வேர்வையில் நனைந்திருந்தது. கொள்ளு தொட்டியிலேயே இருந்தது. அப்பா அதை எழுப்ப முயன்று தோற்று நிற்கும்போதுதான் மாமாவின் வண்டி வந்து சேர்ந்தது. மாமா எட்டிப் பார்த்தார். வண்டியை அணைக்காமலே பாறைக்கு ஓடிச் சேலத்துக்குப் போன் போட்டார். வந்து அதே வண்டியில் செம்மேட்டுக்குப் பறந்தார்.

டாக்டரம்மா அப்போது ஜெபத்தில் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச்சேலையோடே மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். முல்லையின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். ஈறை அழுத்திப் பார்த்தார். குதிரைக்கு வைத்தியம் பார்த்தது காலேஜில் படித்தபோதுதான், அதன்பிறகு மாடும் ஆடும்தான் என்று அவரே சொன்னார். வயிறு இறுகிவிட்டது, குடல் முறுக்கிக்கொண்டால் உயிர் தங்காது என்றும் சொன்னார். பிறகு எங்கள் எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"என்ன தின்னுச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியணும். யாரையும் திட்ட மாட்டேன். ஆனா மறைச்சீங்கன்னா நான் பண்ற வைத்தியம் தப்பாப் போயிரும்."

கொள்ளும் புல்லும் தவிர எதுவும் தரவில்லை என்றார் அப்பா. அம்மாவும் அதையே சொன்னாள். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லாவிட்டால் முல்லை செத்துப்போகும் என்பதும் தெரிந்தது. அப்படியும் வாய் திறக்கவில்லை. கைகளைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் என்னைப் பற்றி நான் நினைத்துப் பார்க்க விரும்பாத நொடி அது.

மாமா தொட்டிக்குப் பின்னால் கிடந்த காலிக் கூடையையும் தரையில் சிந்திய சடையையும் பார்த்தார். பிறகு ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"பலாப்பழங்க" என்றார். "நான்தாங்க குடுத்தேன். ஒரு கூடைக்குக் கொறையாதுங்க. கொட்டையோட, சடையோட."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவும் கொடுத்திருக்கிறாரா! அப்பா அவரைப் பார்த்த பார்வையில் மூன்று வாரம் ரேடியோ இல்லாத கோபமும் சேர்ந்திருந்தது. டாக்டரம்மா மட்டும் எதுவும் கேட்காமல் காரியத்தில் இறங்கினார். ஒரு ஊசி போட்டார். பாறைமேல் ஏறித் தன் பழைய வாத்தியாரைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு ஓடிவந்தார். மூக்கு வழியாக நீளக் குழாயை மெள்ள மெள்ள இறக்கி எண்ணெய் மருந்து விட்டார். இனிமேல் படுக்க விடக்கூடாது, நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மாமா கயிற்றைப் பிடித்து நடந்தார். அவர் கால் தளர்ந்தபோது அப்பா. அப்புறம் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டாக்டரம்மாவே.

மதியத்துக்குமேல் சேலத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மாமா அவர் வண்டியை நிறுத்துமுன்னே எதிரில் போய் நின்று, தான் பலாப்பழம் கொடுத்ததைச் சொன்னார். சேலத்துக்காரர் கை ஓங்கியது நிஜம். ஓங்கிய கையை இறக்கி, மாமாவைத் தாண்டிப் போய், முல்லையின் கயிற்றை வாங்கிக்கொண்டார். அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் முல்லை நின்றது. வாலைத் தூக்கியது. சாணி போட்டது.

அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. டாக்டரம்மா கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அம்மா சாமி இருக்கும் மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா குந்தி உட்கார்ந்து, சாணியில் கிடந்த பலாக்கொட்டைகளை ஒரு குச்சியால் கிளறி எல்லோருக்கும் காட்டினார்.

கிளம்பும்போது சேலத்துக்காரர் மாமாவிடம் தணிவாகத்தான் பேசினார். "வசதி எல்லாம் இருக்குன்னீங்க. ஒண்ணும் இல்லைன்னு நான் மொத நாளே பாத்துட்டேனுங்க. ஆனா இன்னைக்குச் செஞ்சத மறைக்காமச் சொன்னீங்க பாருங்க, அதனாலதான் அவ பொழச்சா." மாமா தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

ஆடி முடியும்வரை முல்லை எங்களிடமே இருந்தது. அதற்குள் செய்தி சேலம்வரை பரவிவிட்டது. கூட்டாளிகள் இருவரும் அனுப்பவில்லை. அடுத்த ஆடிக்கு முல்லையும் வரவில்லை. ஆறு குதிரை லாயம் கட்டப்படவே இல்லை. பலகையை அம்மா கோழிக்கூண்டுக்கு மூடியாக்கினாள். செம்மேட்டுச் சந்தையில் மாமாவைப் பார்த்தால், ஏனுங்க, குதிரைக்கு இன்னைக்குப் பழம் வெச்சாச்சுங்களா என்று கேட்டுச் சிரிப்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். அவரும் ஆமாங்க என்று சிரித்துவிட்டுப் போவார். சின்ன வயதில் அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

வெள்ளியும் சனியும் மாமா மலையிலேயே இல்லை. இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்த யாருக்கும் இது விளங்கியிருக்கும். வாய்ப்பாடு முழுக்கத் தெரிந்த எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். அவர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பிள்ளை தானாக நிமிர்வதற்கு எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் நான் நினைத்தது வேறு. சேலத்துக்காரர் போனபின் மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, என் விரலிடுக்கில் கறுத்து ஒட்டியிருந்த பலாப்பாலை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார். அவர் கைகள் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன்.

"நீங்க எத்தனை சுளை குடுத்தீங்க மாமா?"

அவர் கொஞ்ச நேரம் விரலையே தேய்த்துக்கொண்டிருந்தார். "நெறயக் குடுத்துட்டேன் கண்ணு" என்றார்.

அப்படியானால் என்னுடைய ஒரு கூடை பெரிய குற்றமில்லை. மாமா கொடுத்ததுதான் அதிகம். எவ்வளவு நிம்மதியாக இருந்தது. பெரியவராக இருந்தும் இப்படிச் செய்துவிட்டாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவரும் தெரியாமல்தானே செய்தார் என்று, பெரிய மனசு பண்ணி மாமாவை நான் மன்னித்துவிட்டேன்.